ஈடில்லாக் கடனுக்கு ஈடாகும் குடும்பம்

பெங்களூரு, புனே, ஹைதராபாத், குருகிராம், நொய்டா ஆகிய நகரங்களில் மாதச் சம்பளத்திற்கு வேலை பார்க்கும் இளம் ஊழியர்கள் பலர், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெற்றோரின் வீட்டிற்கோ உடன்பிறந்தோரின் வீட்டிற்கோ திரும்பிச் செல்கிறார்கள். வேலை பறிபோனவர்கள் மட்டுமல்ல, வேலையில் இருப்பவர்களும் இவ்வாறு செல்கிறார்கள். கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டையில் ஏறிவிட்ட நிலுவையை அடைக்க அவர்களுக்குத் தெரிகிற ஒரே வழி, வாடகையை மிச்சப்படுத்துவதுதான். முதலாளித்துவ ஏடுகளின் தனிநபர் நிதிப் பக்கங்கள் இதனை 'நிதி ஒழுக்கம்' என்று மெச்சுகின்றன. செலவைக் குறை, பெருமையை விடு, குடும்பத்தின் துணையை நாடு என்று அறிவுரை கூறுகின்றன.

இத்தகைய முடிவை எடுக்கும் குடும்பங்களைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. நெருக்கடியில் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடும் பெற்றோர் செய்வது சரியான செயலே. நம் கேள்வி வேறு. இந்த ஏற்பாட்டில் வங்கியின் வட்டியை உண்மையில் யார் கட்டுகிறார்கள்? ஊழியரின் சம்பளத்தில் அடங்காமல் போன வாழ்க்கைச் செலவை யார் சுமக்கிறார்கள்? இதற்கு விடை காண வேண்டுமானால் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் கடன் அட்டை நிலுவைக்குப் பெரும்பாலான வங்கிகள் மாதத்திற்கு 3.5 சதவீதம் முதல் 3.75 சதவீதம் வரை வட்டி வசூலிக்கின்றன. மாதக் கணக்கில் பார்த்தால் சிறு தொகையாகத் தெரியும். ஆண்டுக் கணக்கில் இது 42 முதல் 45 சதவீதம். இந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி வரியும் உண்டு. ஆக, கடன்பட்டவரின் வட்டிச்சுமையில் ஒன்றிய, மாநில அரசுகளின் கருவூலங்களும் பங்கு பெறுகின்றன. ஒரு லட்சம் ரூபாய் நிலுவை உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 3,500 ரூபாய், அதன் மீது வரி 630 ரூபாய், மொத்தம் 4,130 ரூபாய். 'குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை' என்று பட்டியலில் தடித்த எழுத்தில் அச்சிடப்படும் தொகை நிலுவையில் 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அசலில் கழிவது 870 ரூபாய் மட்டுமே. அட்டையை அதன்பிறகு தொடாமலேயே இருந்து, ஓராண்டு முழுவதும் இதே விகிதத்தில் தவறாமல் கட்டினால், அவர் கையைவிட்டுப் போயிருப்பது சுமார் 57 ஆயிரம் ரூபாய். மிச்சமிருக்கும் கடன் ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாய்!

நிலுவை 3 லட்சம் ரூபாய் ஆகிவிட்டால் வட்டியும் வரியும் மட்டும் மாதத்திற்கு 12,390 ரூபாய். பெங்களூருவின் வெளிப்பகுதியில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டின் வாடகையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு பெற்றோரிடம் திரும்புகிறவர் மிச்சப்படுத்தும் வாடகைப் பணம், அசலைத் தொடுவதற்கு முன்பே வட்டிக்குப் போய்விடுகிறது. நேற்றுவரை வீட்டு உரிமையாளருக்குக் கொடுத்ததை இன்று வங்கிக்குக் கொடுக்கிறார்; அவர் குடியிருக்கும் இடத்திற்கான செலவு மட்டும் பெற்றோரின் கணக்கில் ஏறியிருக்கிறது.

வங்கியியல் மொழியில் கடன் அட்டைக் கடனுக்கு 'ஈடில்லாக் கடன்' என்று பெயர். நிலமோ, நகையோ, வீடோ ஈடாக வைக்கப்படாததால் வங்கிக்கு ஆபத்து அதிகம், எனவே வட்டியும் அதிகம் என்பது வங்கிகள் எப்போதும் சொல்லும் நியாயம். இந்த நியாயத்தின் பொய்மை இங்குதான் அம்பலமாகிறது. ஓய்வுபெற்ற தந்தையின் ஓய்வூதியம், தாயின் கழுத்திலும் கையிலும் எஞ்சியிருக்கும் தங்கம், பாட்டன் கட்டிய இரண்டு அறை வீடு, தங்கையின் திருமணத்திற்கென்று அஞ்சலகத்தில் போட்டுவைத்த சேமிப்பு ஆகியவை அனைத்தும் இந்தக் கடனுக்கு எழுதப்படாத ஈடுகளே. கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் நெருக்கடி வரும்போது குடும்பம் இவற்றைக் கொண்டுவந்து கொட்டும் என்பது கடன் கொடுப்பவனுக்குத் தெரியும். வசூல் முகவர்களின் தொலைபேசி அழைப்பு கடன்பட்டவரைத் தாண்டித் தந்தைக்கும் மாமனாருக்கும் போவது இதனால்தான். ஈடில்லாத கடன் என்று சொல்லி உயர்ந்த வட்டியை வாங்கிக்கொண்டு, ஈடுள்ள கடனைப் போலவே குடும்பச் சொத்திலிருந்து வசூலித்துக்கொள்வது நிதி மூலதனத்தின் சாமர்த்தியம்.

இதில் ஆதாயம் அடையும் இன்னொருவரும் உண்டு. அவர்தான் வேலை கொடுக்கும் முதலாளி. தொழிலாளியின் ஊதியம் என்பது அவரும் அவரது குடும்பமும் உண்டு, உடுத்து, குடியிருந்து, மறுநாள் வேலைக்கு வரும் ஆற்றலைப் பெறுவதற்கான விலை. குடியிருப்பைப் பெற்றோர் இலவசமாகத் தந்துவிட்டால், அந்த அளவிற்குக் குறைந்த ஊதியத்திலும் தொழிலாளி தாக்குப்பிடிப்பார். தும்கூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் அதிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருவுக்கு வந்து, இரவு வீடு திரும்புகிறவர்கள் நாள்தோறும் ரயிலிலும் பேருந்திலும் கழிக்கும் மூன்று, நான்கு மணி நேரத்திற்கு எந்த நிறுவனமும் சம்பளம் தருவதில்லை. ஒரே அடியில் குடும்பத்தின் இடமும் தொழிலாளியின் நேரமும் இலவசமாகக் கிடைக்கின்றன.

குடும்பம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இந்தச் சுமை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மகன் மனைவியுடனும் குழந்தையுடனும் திரும்பி வந்தால், இரண்டு பேருக்குச் சமைத்த தாய் ஐந்து பேருக்குச் சமைக்கிறார். அறுபது வயதுக்குப் பிறகு அவருடைய வேலைநாள் நீள்கிறது. மருமகளோ, தனக்கென்று இருந்த ஒரு சமையலறையையும் ஒரு கதவையும் இழந்து, மாமியார் வீட்டின் கட்டுப்பாட்டிற்குள் வருகிறார். அலுவலகம் முடிந்து வந்தபின் அங்கே இன்னொரு வேலைநாள் அவருக்காகக் காத்திருக்கிறது. மகள் திரும்பி வந்தால் நிலைமை இன்னும் கடினம். வேலைக்குப் போய்த் தனித்து வாழ்ந்த பெண், கடனோடு வீடு திரும்பும்போது, 'தனியாக விட்டது எங்கள் தவறு' என்ற பேச்சு எழுகிறது. இரவுப்பணி கூடாது, வேலை போதும், வரன் பார்க்கலாம் என்று முடிவாகிறது. பெரும் போராட்டத்தின் விளைவாகப் பெண்கள் வென்றெடுத்த சிறு சுதந்திரங்கள் ஒரு வங்கிப் பட்டியலால் பறிபோகின்றன. இதை எந்தக் கடன் புள்ளிவிவரமும் பதிவு செய்வதில்லை.

திரும்பிச் செல்ல வீடு இல்லாதவர்களின் நிலை என்ன? சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு ஊரைவிட்டு வந்த இணையருக்குப் பெற்றோர் வீட்டுக் கதவு திறக்காது. திறந்தால் உள்ளே ஆபத்து காத்திருக்கக்கூடும். ஒற்றை அறைக் குடியிருப்பில் ஆறு பேர் வாழும் தலித் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று நகரத்திற்கு வந்தவருக்குத் திரும்பிச் சென்று படுக்க இடமில்லை. அது மட்டுமல்ல, அந்தக் குடும்பமே அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து வாழ்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வேலைக்கு வந்தவர் பெற்றோரிடம் திரும்புவதென்றால் வேலையை விட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். எனவே 'குடும்பத்தோடு சேர்ந்துவிடு' என்ற அறிவுரையே, சொந்த வீடும் சாதியின் அனுசரணையும் உள்ள குடும்பங்களை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. அது இல்லாதவர்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனையும், அதை அடைக்கக் கைப்பேசிச் செயலிகளின் கடனையும் நாடுகிறார்கள்.

நமது தோழர்களில் சிலரிடமும் ஒரு கருத்து நிலவுவதைக் குறிப்பிட வேண்டும். இது நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரப் பிரச்சனை, விலையுயர்ந்த கைப்பேசியும் சுற்றுலாவும் தேடிப்போய் மாட்டிக்கொண்டவர்களுக்காகத் தொழிலாளர் இயக்கம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். நுகர்வு மோகம் திட்டமிட்டு வளர்க்கப்படுகிறது என்பதில் ஐயமில்லை. விமான நிலையத்திலும் வணிக வளாகத்திலும் மடக்கி நிறுத்தி அட்டையைத் திணிக்கிறார்கள். தள்ளுபடி, வெகுமதிப் புள்ளி, வட்டியில்லாத் தவணை என்று ஆசை காட்டுகிறார்கள். ஆனால் ஆடம்பரம் என்ற ஒரு சொல்லில் இதை அடக்கிவிட முடியாது.

2024-25ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையுடன் ஒன்றிய அரசே வெளியிட்ட விவரங்களைப் பார்க்கலாம். விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், மாதச் சம்பளம் பெறும் ஆண் ஒருவரின் சராசரி மாத ஊதியம் 2017-18இல் 12,665 ரூபாய். 2023-24இல் 11,858 ரூபாய். ஆறு ஆண்டுகளில் உண்மை ஊதியம் 6 சதவீதத்திற்கு மேல் குறைந்திருக்கிறது. பெண்களுக்கு இந்தச் சரிவு ஏறத்தாழ இரு மடங்கு. இதுவே 'நிரந்தர வருமானம்' உள்ளவர்கள் என்று சொல்லப்படும் பிரிவின் நிலை. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எழுத்துபூர்வமான பணி ஒப்பந்தம் கூடக் கிடையாது. மருத்துவச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கை இன்னமும் மக்கள் தம் கையிலிருந்தே செலவிடுகிறார்கள். தனியார் பள்ளிக் கட்டணம் ஒரே தவணையில் கட்டப்பட வேண்டும். வீடு மாறினால் பல மாத வாடகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். தந்தைக்கு மாரடைப்பு வந்தால் மருத்துவமனையின் அனுமதிப் பிரிவில் முதலில் அட்டையைத்தான் தேய்க்கிறார்கள். ஊதியத்திற்கும் வாழ்க்கைக்கும் இடையே விழுந்த இந்தப் பள்ளத்தில்தான் கடன் அட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது.

2019 டிசம்பரில் 5.53 கோடியாக இருந்த கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024 டிசம்பரில் 10.80 கோடியாக உயர்ந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கி கூறுகிறது. 2020 மார்ச்சில் ஒரு லட்சம் கோடி ரூபாயைச் சற்றே தாண்டியிருந்த அட்டை நிலுவை, 2025இல் 3 லட்சம் கோடி ரூபாயை நெருங்கியது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23இல் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் சுமார் 5 சதவீதமாகச் சரிந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் இல்லாத வீழ்ச்சி இது. அப்போது ஒன்றிய நிதியமைச்சகம் என்ன விளக்கம் சொன்னது என்பது நினைவிருக்கலாம். மக்கள் வீடும் வாகனமும் வாங்குகிறார்கள், சேமிப்பு வேறு வடிவம் எடுத்திருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. ஆனால் குடும்பங்களின் மொத்தக் கடனில் பாதிக்கும் மேற்பட்டது வீட்டுக்கடன் அல்லாத சில்லறைக் கடன், அதில் பெரும்பகுதி நுகர்வுக்காக வாங்கப்பட்டது என்று ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கையே 2025இல் சொல்லிவிட்டது.

உற்பத்திக் களத்தில் உழைப்பாளியிடமிருந்து உபரியைப் பறிப்பது முதன்மையான சுரண்டல். அவர் கைக்கு வந்த கூலியிலிருந்து வாடகையாகவும் வட்டியாகவும் மறுபடி பறிப்பது அதற்கு இணையாக நடைபெறும் இரண்டாம் நிலைச் சுரண்டல் என்று மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் வேறுபடுத்திக் காட்டினார். ஊதியத்தை உயர்த்த மறுக்கும் மூலதனம், அந்த ஊதியத்தில் விழும் துண்டை வட்டிக்குக் கொடுத்து நிரப்புகிறது. ஒரே தொழிலாளி இரண்டு முறை சுரண்டப்படுகிறார். எனவே இது ஊதியப் பிரச்சனை. தொழிற்சங்கத்தின் பிரச்சனை.

பொதுத்துறை வங்கிகள் எதற்காக உருவாக்கப்பட்டன என்பதை இந்த இடத்தில் நினைவுகூர்வது பொருத்தமானது. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய தனியார் வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1972இல் மிகவும் நலிந்த பிரிவினருக்கு ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் கடன் வழங்கும் வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் வந்தது. வங்கிகள் தங்கள் மொத்தக் கடனில் ஒரு சதவீதத்தை அதற்கு ஒதுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் போதாமைகளை இடதுசாரிகள் அப்போதே சுட்டிக்காட்டினார்கள். ஆயினும், உள்ளவனிடம் கூடுதலாகவும் இல்லாதவனிடம் குறைவாகவும் வட்டி வாங்க வேண்டும் என்ற கொள்கையையாவது அது ஏற்றுக்கொண்டது. 1991க்குப் பிறகு, நரசிம்மம் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, வட்டி விகிதங்கள் மீதான கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்பட்டன. இன்று அந்தக் கொள்கை தலைகீழாக நிற்கிறது. பெருநிறுவனங்களுக்கு ஒற்றை இலக்கத்தில் வட்டி. மாதச் சம்பளக்காரருக்கு 42 சதவீதம். 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரிசர்வ் வங்கி தனது ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. கடன் அட்டையின் மாத வட்டி எங்கே குறைந்தது? ரிசர்வ் வங்கியோ அதற்கு உச்சவரம்பு எதையும் விதிக்காமல், அதை வங்கிகளின் நிர்வாகக் குழுக்களிடமே விட்டுவைத்திருக்கிறது. 2023 நவம்பரில் அது நுகர்வோர் கடன்களுக்கான இடர் மதிப்பை உயர்த்தியது உண்மைதான். ஆனால் அது வங்கிகளின் பாதுகாப்பைக் கருதி எடுக்கப்பட்ட நடவடிக்கையே தவிர, கடன்பட்டவரின் பாதுகாப்பைக் கருதி அல்ல.

கிராமத்து லேவாதேவிக்காரர் நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி கேட்டால் அதைக் கந்துவட்டி என்கிறோம். தமிழ்நாட்டில் அதற்கென 2003இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அதே வட்டியை வங்கி கேட்டால் அது வணிகம். இந்த வேறுபாடு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறிய வட்டிக் கடன்களை நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்யலாம் என்று 1918ஆம் ஆண்டின் காலனியாட்சிச் சட்டம் கூட அனுமதித்தது. ஆனால் 1984 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு, வட்டி அதிகம் என்ற காரணத்திற்காக வங்கிக் கடனை எந்த நீதிமன்றமும் மறுபடி திறக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது.

இருந்தபோதிலும், ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், ஆண்டுக்கு 30 சதவீதத்திற்கு மேல் கடன் அட்டை வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. பன்னாட்டு வங்கிகள் உச்ச நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றன. அந்தத் தடையின் நிழலில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வசூல் தொடர்ந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் வரம்பிற்குள் வருவது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்திற்கு அதிகாரமில்லை, அட்டை பெறுவோருக்கு நிபந்தனைகள் தெரிவிக்கப்படுகின்றன என்பது நீதிமன்றம் கண்ட நியாயம். பொடி எழுத்தில் பல பக்கங்கள் நீளும் நிபந்தனைகளுக்குக் கைப்பேசித் திரையில் ஒரு விரலால் ஒப்புதல் கொடுக்கும் ஊழியரையும், பன்னாட்டு வங்கியையும் சம வலிமை கொண்ட இரு தரப்பாக இந்தத் தீர்ப்பு பார்க்கிறது. சுமார் 20 சதவீத அட்டை வட்டியையே பெரும் கொள்ளை என்று அமெரிக்காவில் கண்டிக்கிறார்கள். அதனை 10 சதவீதத்திற்குள் கட்டுப்படுத்தும் மசோதாவை செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் 2025இல் கொண்டுவந்தார். முதலாளித்துவத்தின் தலைமை நாட்டிலேயே விவாதமாகும் இந்தக் கோரிக்கை, இங்கே நாடாளுமன்றத்தில் ஆளும் தரப்பின் காதில் விழுவதே இல்லை.

கடனைத் திருப்பிச் செலுத்துவது ஒழுக்கம் என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்கள், பெருமுதலாளிகளிடம் அந்தப் பாடத்தை நடத்தியதுண்டா? 2014-15 முதல் 2023-24 வரையிலான பத்து ஆண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இதில் 9 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் பெருந்தொழில் மற்றும் சேவை நிறுவனங்களுக்குச் சேர்ந்தது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்று அமைச்சர்கள் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்கிறார்கள். வசூலாவது சிறு பகுதியே. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ் தீர்வு காணப்படும் நிறுவனங்களில், கடன் கொடுத்தவர்கள் கோரிய தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. மீதியை விட்டுக்கொடுப்பதற்கு 'ஹேர்கட்' என்று செல்லப்பெயர். முடிவெட்டுவது போலச் சின்ன விஷயமாம்!

அதே திவால் சட்டத்தில் மூன்றாவது பகுதி ஒன்று உள்ளது. தனிநபர் கடனில் மூழ்கினால் அவருக்கு முறையான தீர்வும் புதுவாழ்வும் அளிப்பதற்கானது அது. நிறுவனக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கொடுத்தவர்களைத் தவிர, சாதாரண மனிதர்களுக்கு அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஓர் அறிவிக்கைக்காகக் காத்துக் கிடக்கிறது. கடனில் மூழ்கிய ஊழியருக்குப் பொருந்துவது 1909, 1920ஆம் ஆண்டுகளின் வெள்ளையர் காலத்து நொடிப்புச் சட்டங்கள்தான். முதலாளி திவாலானால் அவருக்கு நவீனத் தீர்ப்பாயம். தொழிலாளி திவாலானால் அவருக்கு அப்பா வீடு.

கடன் வசூல் நடைபெறும் விதத்தைத் தோழர்கள் அறிவார்கள். அலுவலகத்திற்கு அழைத்து மேலாளரிடம் சொல்வோம் என்பது, பெற்றோர் வீட்டு வாசலில் நின்று அக்கம்பக்கத்தார் கேட்கும்படி பேசுவது, காவல்துறை வருகிறது என்று பொய் மிரட்டல் விடுப்பது ஆகியவை அன்றாட நிகழ்வுகள். இவற்றால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளும் வருகின்றன. மிரட்டும் குரலுக்குப் பின்னால் இருப்பவரும் பெரும்பாலும் நம் வர்க்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரே. ஒப்பந்த நிறுவனத்தில், வேலைப் பாதுகாப்பு எதுவுமின்றி, வசூல் இலக்கை எட்டினால்தான் முழுச் சம்பளம் என்ற நிலையில் அவர் அமர்த்தப்பட்டிருக்கிறார். அட்டை விற்பவருக்கும் இதே இலக்கு, இதே அச்சம். அவர்களைச் சங்கமாகத் திரட்டும் வேலையும் நம்முடையதே.

ரிசர்வ் வங்கியின் விதிகள் போதுமானவை அல்ல. ஆனால் இருக்கும் விதிகளைக் கூட மக்கள் அறியாமல் வைத்திருப்பதில் வங்கிகளுக்கு ஆதாயம் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் உத்தரவு வந்துள்ளது. கடன்பட்டவரின் குடும்பத்தினர், நண்பர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடுவதும் பலர் முன்னிலையில் அவமதிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. உத்தரவாதக் கையெழுத்து போடாத தாய் தந்தையரிடம் மகனுடைய அல்லது மகளுடைய அட்டைக் கடனைக் கேட்க வங்கிக்குச் சட்டபூர்வ உரிமை கிடையாது. இயலாமையால் கடனைக் கட்ட முடியாமல் போவது சிறைக்கு அனுப்பும் குற்றமல்ல. காசோலையோ தானியங்கிப் பற்று உத்தரவோ பணமின்றித் திரும்பினால் மட்டும் தனிச் சட்டங்கள் உண்டு, அதில் கவனம் தேவை. கேட்காத அட்டையை அனுப்பிக் கட்டணம் வசூலித்தால், அதனைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் தர வேண்டும். அட்டையை மூடச் சொல்லி, நிலுவை இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நமது வாலிபர், மாதர் அமைப்புகளும் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்களும் இந்தப் புகார்களை எழுதிக்கொடுக்கும் உதவி மையங்களை நடத்த முடியும். ஒரு மேசை, இரண்டு தோழர்கள், வாரத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் தனியே புழுங்கிக்கொண்டிருப்பவர், தன்னைப் போல் பத்துப் பேர் அதே அறையில் காத்திருப்பதைக் காணும்போது, அது தன் ஒருவரின் குற்றமல்ல என்பதை உணர்கிறார். அரசியல் உரையாடல் அங்கிருந்து தொடங்க முடியும்.

கோரிக்கைகளைப் பொறுத்தவரை, கடன் அட்டைக்கும் தனிநபர் கடனுக்கும் ரெப்போ விகிதத்துடன் இணைந்த உச்சவரம்பை ரிசர்வ் வங்கி விதிக்க வேண்டும். 21ஏ பிரிவின் பாதுகாப்பிலிருந்து சில்லறைக் கடன்கள் விலக்கப்பட வேண்டும். திவால் சட்டத்தின் மூன்றாவது பகுதி, சிறு கடனாளிகளின் குடியிருப்புக்கும் குறைந்தபட்ச வருமானத்திற்கும் பாதுகாப்பு அளிக்கும் திருத்தங்களுடன் நடைமுறைக்கு வர வேண்டும். வட்டி மீதான ஜிஎஸ்டி ரத்து செய்யப்பட வேண்டும். இவற்றைவிட முக்கியமானது ஊதியம். மாதம் 26,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்ற மத்திய தொழிற்சங்கங்களின் கோரிக்கையும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு எதிரான போராட்டமும் கடன் பிரச்சனையோடு நேரடியாகத் தொடர்புடையவை. குறித்தகால வேலை என்ற பெயரில் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பப்படக்கூடிய தொழிலாளிக்கு, ஒரு மாதச் சம்பளம் தவறினாலே அட்டை நிலுவை ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆலை வாயில் கூட்டங்களிலும் அலுவலக வாயில் கூட்டங்களிலும் இந்தத் தொடர்பை, மேலே கண்ட ஒரு லட்சம் ரூபாய்க் கணக்கை வைத்தே விளக்கலாம்.

சங்கம் வலுவாக உள்ள இடங்களில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களை உயிர்ப்பிப்பது குறித்தும் மாவட்டக் குழுக்கள் பரிசீலிக்க வேண்டும். ரயில்வே, காப்பீடு, அஞ்சல் துறைகளில் மூத்த தோழர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பு கட்டியெழுப்பிய இத்தகைய சங்கங்கள், ஈட்டிக்காரரின் வட்டியிலிருந்து ஒரு தலைமுறை ஊழியர்களை மீட்டன. ஒப்பந்த ஊழியர்களையும் உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ள அவற்றின் விதிகள் பல இடங்களில் இடம் தருவதில்லை. முதலில் திருத்த வேண்டியது அந்த விதிகளைத்தான்.